பலகையில் நின்ற ஆட்டம்

சிலாபம் முதலான புத்தளக் கடற்கரை ஊர்களில் கத்தோலிக்க மக்கள் விடிய விடிய ஆடிய தமிழ்க் கூத்தின் வழிவந்தது சிங்கள ‘நாடகம’ என்னும் கூத்துவகை. அதனையும், ஜப்பானில் தாம் கண்டு வியந்த கபுகி முதலிய அரங்குகளையும் மனத்திற்கொண்டே பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956இல் ‘மனமே’ நாடகத்தை அரங்கேற்றினார். இவ்வாறு நம் கரையோடு உறவு பூண்ட அக்கபுகியின் நிழலிலேயே வளர்ந்த கைத்தொழில் ஒன்றுண்டு. நடிகரின் ஆட்டக் கோலங்களை மரப்பலகையிற் செதுக்கி அச்சிட்ட வர்ணச் சித்திரமே அது.

1629இல் ஜப்பானில் பெண்கள் மேடையேறுவது விலக்கப்பட்டபின், நம் கூத்திற்போலவே கபுகியிலும் ஆடவரே ஸ்திரீ வேடம் தரித்தனர். நடனம் நெடுங்காலம் அவ்வேடத்தாரின் தனித்துறையாக விளங்கிற்று. 1753இல் நகாமுரா தோமிஜூரோ ஆடிப் பிரசித்தமாக்கிய தோஜோஜி நடனத்தில், கோயில் மணியை நாடிவந்த நங்கை ஆடிக்கொண்டிருக்கையிலேயே, உதவியாளர் தையல் நூலை உருவ, மேலங்கி கழன்று வேறு வர்ண உடை தோன்றும்.

இத்தகைய கோலங்களை அச்சேற்றுவது தனியொருவர் வேலையன்று. கரைவலைக்குச் சம்மாட்டி முதலிடுவதுபோலப் பதிப்பாளர் முதலிட்டு, சித்திரக்காரர், செதுக்குவோர், அச்சிடுவோர் ஆகிய மூவரையும் ஒன்றுசேர்த்தார். மெல்லிய காகிதத்தில் வரைந்த சித்திரத்தைச் செர்ரி மரப்பலகையிற் குப்புற ஒட்டி, கோடுகள் மட்டும் மேடாக நிற்க எஞ்சிய மரத்தைச் செதுக்குவோர் அகழ்ந்தெடுப்பர். மூலச் சித்திரம் அத்துடன் அழிந்துபோகும். பின்னர் வர்ணத்துக்கொரு பலகை தயாராகும். ஒவ்வொரு பலகையிலும் ஒரே இடத்தில் ஒரு மூலைவெட்டும் ஒரு நேர்வெட்டும் இருக்க, ஈரமாக்கிய காகிதத்தை அவற்றிற் பொருத்தி, மூங்கில் மடல் போர்த்திய வட்டத் தேய்ப்பானால் முதுகிலே அழுத்தித் தேய்ப்பதனால், வர்ணங்கள் இம்மியும் பிசகாமல் ஒன்றன்மேலொன்று படியும். 1765 அளவில் சுசூகி ஹருனோபுவின் காலத்தில் இம்முறை பூரணம் பெற்றது.

ஓடும் ஆட்டம் அசையாத காகிதத்தில் அடங்குவதெப்படி? கபுகி நடிகர், உணர்ச்சியின் உச்சத்தில் கையும் காலும் கண்ணும் ஒருங்கே இறுக, ‘மியே’ என்னும் நிலையில் தாமே அசைவற்று நிற்பார். சித்திரக்காரர் பலமுறை நாடியது அந்நிலையைத்தான். மிதக்கும் கைத்தலமும் சுழலும் ஆடை விளிம்பும் மட்டும் நின்றுபோன அசைவின் சுவடாகக் கோட்டில் எஞ்சும். கத்சுகாவா ஷுன்ஷோ முதலியோர் முகத்தையும் இன்னாரென்று அறியுமாறு தீட்டியதனால், எந்த நடிகர் எந்த உடையில் எவ்வாறு நின்றார் என்பதை இன்றைய ஆராய்ச்சியாளர் காகிதத்திலேயே காண்கின்றனர்.

நாமோ கூத்தின் பாட்டை ஏட்டில் எழுதினோம். ஆட்டத்தையோ கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் ஞாபகத்தில் விட்டோம். பாட்டு மட்டும் கைக்கு வந்து, பழைய அடியும் உடையும் ஊகமாய்ப்போனதற்குக் காரணம் இதுவே.