ஏரிக்கரைச் சிரிப்பு

புதுவை நகரில் பந்த் என்று செய்தி வந்தால் பாகூர்க்காரர் முதலில் கேட்பது, "எதற்காக?" என்பதல்ல. "எத்தனை மணி வரைக்கும்?" என்பதுதான்! மாலை ஆறு மணியோடு முடியும் என்று தெரிந்துவிட்டால் போதும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விடுகிறார். அரசியல் உணர்வற்ற பாமரர் என்று இவரை நகரத்துப் பிரமுகர்கள் எண்ணக்கூடும். நாம் அப்படி எண்ணவில்லை.

அவர் கண்ணால் கண்டதைப் பேசுகிறார். முள்ளோடையைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். இந்தப் பக்கம் கடைக்கதவுகள் சாத்திக்கிடக்க, அந்தப் பக்கம் தேநீர் ஆற்றிக்கொண்டிருப்பார்கள். "உரிமைப் போருக்கும் சோதனைச்சாவடி உண்டு போலிருக்கிறதே, மாமா!" என்று இளவட்டங்கள் கேலி பேசும். ஆனால் கொத்து வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் நகரத்துக்குப் பஸ் ஏறுகிறவர்களுக்கு அன்றைய கூலி போயிற்று. கறந்த பாலும் பறித்த கீரையும் ஆறு மணி வரை காத்திருக்குமா?

வில்லியனூர்க் கேலி இன்னொரு வகை. 2019 பிப்ரவரி 13ஆம் நாள், முதலமைச்சர் நாராயணசாமி கறுப்புச் சட்டையணிந்து கவர்னர் மாளிகை வாசலில் அமர்ந்தார். இலவச அரிசி உள்ளிட்ட திட்டங்களுக்குக் கவர்னர் கிரண்பேடி முட்டுக்கட்டை போடுகிறார் என்பது குற்றச்சாட்டு. இரவிலும் தெருவிலேயே படுக்கை. 18ஆம் நாள் பேச்சு வார்த்தைக்குப் பின்தான் அந்த மறியல் முடிந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த மந்திரிசபைக்கு மேலே டெல்லி அனுப்பிவைத்த ஒருவரா என்ற கேள்வி நியாயமானது. 1963ஆம் ஆண்டுச் சட்டம் புதுவையின் கழுத்தில் மாட்டிய சுருக்கு அது. மாநிலத் தகுதி கேட்டுச் சட்டசபை பத்து முறைக்கு மேல் தீர்மானம் நிறைவேற்றியும் அவிழாத சுருக்கு!

ஆனால் வில்லியனூர்க்காரர் என்ன கேட்டார்? "நாம் மனுக்கொடுக்க வேண்டியவரே மனுவோடு வெளியே உட்கார்ந்திருக்கிறார். நம் மனுவை யாரிடம் கொடுப்பது, ஐயா?"

திருக்காமீசுவரர் கோயில் தேரை முதலில் கவர்னர் வடம்பிடிப்பது பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம். முதலமைச்சரும் மந்திரிகளும் பக்கத்தில் நிற்பார்கள். தேர்த்திருவிழாவில் நமக்கு ஈடுபாடு இல்லை என்பதை வாசகர்கள் அறிவார்கள். இருந்தாலும், "இரண்டு பேரும் ஒரே பக்கமாக இழுப்பது வருடத்தில் இந்த ஒருநாள்தான்" என்ற ஊர்க்கிழவரின் வாய்க்கு நாம் சபாஷ் போடாமல் இருக்க முடியாது.

இந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு வடு இருக்கிறது. வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18ஆம் நாள் கூடியவர்கள் யார்? சட்டசபைப் பிரதிநிதிகளும், கொம்யூன்களின் முனிசிபல் உறுப்பினர்களும். 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நாட்டின் தலையெழுத்தையே எழுதும் தகுதி கொம்யூன் உறுப்பினருக்கு அன்று இருந்தது. அதே கொம்யூன்கள், 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் காத்திருந்து, 2006இல்தான் மறுபடி உள்ளாட்சித் தேர்தலைக் கண்டன. 2011இல் அவர்கள் காலமும் முடிந்தது. பிறகு? அதிகாரிகள் ஆட்சி! 2021 அக்டோபரில் தேர்தலுக்குத் தேதி குறித்தார்கள். பிற்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் உரிய இடஒதுக்கீட்டைக் கைவிட்டே அதை நடத்தப் பார்த்தார்கள். அந்த அநீதியை எதிர்த்து 11ஆம் நாள் பந்த் நடந்தது. நடக்கவேண்டிய பந்த்தான். தேர்தலும் நின்றது. ஆனால் ஒதுக்கீட்டோடு தேர்தலை நடத்து என்ற குரல் அதன் பின் கடற்கரைச் சாலையில் எத்தனை நாள் கேட்டது?

வாய்க்கால் தூர்ந்தால், தெருவிளக்கு எரியாவிட்டால், பாகூர்க்காரர் யார் சட்டையைப் பிடிப்பார்? பக்கத்துத் தெருவில் ஓர் உறுப்பினர் இருந்தால் திண்ணையிலேயே கேட்டுவிடுவார். அவர் இல்லை. கொடி பிடிக்க மட்டும் லாரி வந்து நிற்கிறது! "ஏற்றிக்கொண்டு போகும்போது தோழர், இறக்கிவிடும்போது யாரோ" என்று பெண்கள் சொல்லிச் சிரிப்பதை நம் தோழர்களும் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

டெல்லியிடம் நாம் கேட்பது அதிகாரம். அதே அதிகாரத்தைத்தான் கொம்யூன்கள் புதுவையிடம் கேட்கின்றன. அடுத்த மாநில உரிமைக் கூட்டத்துக்குக் கவர்னர் மாளிகைப் பக்கம் இடம் தேட வேண்டாம். பாகூர் ஏரிக்கரையில் போடுங்கள், முதல் தீர்மானம் உள்ளாட்சித் தேர்தலாக இருக்கட்டும். கூட்டம் சேர்க்க லாரி அனுப்பும் செலவும் மிச்சம்.