ஊர் விட்டு ஊர் போய் ரத்தப் பரிசோதனை! டாக்டரிடம் மறைத்தால் ரிப்போர்ட்டும் ஏமாற்றும்

சேலம்—

ராசிபுரத்துக்காரர் சேலத்துக்கு வருகிறார். சேலத்துக்காரர் ஈரோட்டுக்கு பஸ் ஏறுகிறார். ஜவுளி எடுக்க அல்ல, கல்யாணத்துக்கும் அல்ல. ஒரு ஊசி ரத்தம் கொடுக்கத்தான் இந்தப் பயணம்!

ஆண்களோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண்களுக்கு உள்ளூர் லேப் என்றாலே உதறல். சீட்டு எழுதுகிற பையன் பக்கத்துத் தெருக்காரனாக இருப்பான். விஷயம் வெளியே போயிட்டா வீட்டுக்கு என்ன பதில் சொல்றது? அதனால்தான் மேக நோய் என்று பெரியவர்கள் சொல்லும் பால்வினை நோய்க்கான பரிசோதனை தள்ளிக்கொண்டே போகிறது.

துணிந்து டாக்டரிடம் போனாலும் பாதி உண்மைதான் வெளியே வரும். "வெளிப்பழக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்பார். வாலிபர் தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு பொம்பளையோட..." என்று இழுப்பார். டாக்டரும் ரத்தத்துக்கும் சிறுநீருக்கும் எழுதிக் கொடுப்பார். ரிப்போர்ட் "நார்மல்". நிம்மதியாக வீடு திரும்புவார்.

அங்கேதான் கோளாறு!

வெட்டை நோய் எனப்படும் கொனோரியா கிருமியும், கிளமிடியா கிருமியும் தொண்டையிலும் ஆசனவாயிலும் குடியிருக்கக்கூடியவை. பெரும்பாலும் வலி இருக்காது, சீழ் வராது. சிறுநீரைச் சோதித்தால் அவை சிக்கா. அந்தந்த இடத்தில் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்துத்தான் பார்க்க வேண்டும். டாக்டருக்கு விஷயம் தெரியாவிட்டால் அந்தச் சோதனையை எப்படி எழுதுவார்? அது எல்லா லேபிலும் கிடையாது, செலவும் கூடுதல்.

சிபிலிஸ் இன்னும் கள்ளன். வலியில்லாத ஒரு புண் வரும், தானே ஆறிவிடும். வாய்க்குள்ளோ ஆசனவாய்க்குள்ளோ வந்தால் கண்ணிலேயே படாது. "ஆறிப்போச்சு" என்று இருந்துவிட்டால் கிருமி ரத்தத்தில் தங்கி, வருஷக் கணக்கில் கழித்து மூளையையும் இதயத்தையும் பதம் பார்க்கும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பென்சிலின் ஊசியில் தீர்கிற நோய் இது.

மறுநாள் காலையிலேயே லேபுக்கு ஓடுவதும் வீண். எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் சோதனையில் தெரிய 3 மாதம் வரைகூட ஆகலாம். சிபிலிஸும் ஆரம்ப நாட்களில் ரத்தத்தில் காட்டாது.

நாமக்கல் பட்ட பாடு

இந்த வட்டாரத்துக்கு இது புதுக்கதை அல்ல. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், சென்னையில். பேராசிரியை சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்தம் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டில் எய்ட்ஸ் என்றாலே நாமக்கல் பெயர் அடிபட்டது. லாரி டிரைவர், நெடுஞ்சாலைப் பெண்கள் என்றே பேச்செல்லாம். ஆணும் ஆணும் என்ற பேச்சை யாரும் எடுக்கவே கூசினார்கள்.

கூசியதற்குச் சட்டமும் ஒரு காரணம். அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டம் 377-வது பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை போகலாம் என்றிருந்தது. டாக்டரிடம் உண்மை சொல்வது குற்றத்தை ஒப்புக்கொள்வது போல! 2009-ல் டெல்லி ஐகோர்ட்டு அந்தப் பிடியைத் தளர்த்தியது. 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு மறுபடி இறுக்கியது. 2018 செப்டம்பர் 6-ந் தேதி அதே சுப்ரீம் கோர்ட்டு, வயது வந்தவர்கள் மனம் ஒத்து வைத்துக்கொள்ளும் உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது.

நான்கே நாளில், செப்டம்பர் 10-ல், எச்.ஐ.வி. தடுப்புச் சட்டமும் அமலுக்கு வந்தது. அதன்படி சம்மதம் வாங்காமல் எச்.ஐ.வி. சோதனை செய்யக்கூடாது. முடிவை வெளியே சொல்லவும் கூடாது. இது தனியார் லேபுக்கும் சேர்த்துத்தான்.

"இந்தப் பழக்கத்தையே மாத்திடறேன்" என்று பணம் கறக்கும் ஆசாமிகளும் உண்டு. தன்பால் ஈர்ப்பை "குணப்படுத்தும்" சிகிச்சை முறைகேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்துவிட்டது. சுவரொட்டி ஒட்டி லாட்ஜில் அறை போடும் வைத்தியர்களை நம்பிப் போகிறவர்கள் ரத்தச் சோதனைக்கு வேண்டிய மாதங்களையும் அங்கேயே தொலைத்துவிடுகிறார்கள்.

மனைவிக்குத் தெரியாதா?

கல்யாணம் ஆனவர்களும் இதில் உண்டு. கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனை வழக்கமாகச் செய்யப்படுகிறது. கணவர் மூடி வைத்தது மனைவியின் பிரசவ செக்கப்பில் வெளிவந்தால் அந்த வீட்டு நிலைமை எப்படி இருக்கும்? அவர் முந்திக்கொண்டு சோதித்திருந்தால் தாயும் பிள்ளையும் தப்பியிருக்கலாம்.

அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனை இலவசம். பால்வினை நோய்ப் பிரிவில் சிபிலிஸ் சோதனையும் மருந்தும் இலவசம். ஆணோடு உறவுள்ள ஆண்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம். முதலில் தனியாக உட்கார வைத்து ஆலோசகர் பேசுவார். அவரிடமாவது ஒளிக்காமல் சொல்லிவிட்டால் வேலை சுலபம்.

முதல் கிட்டில் எச்.ஐ.வி. "உண்டு" என்று காட்டினால் உடனே கலங்க வேண்டியதில்லை. வேறு இரண்டு கிட்களிலும் பார்த்து, மூன்றும் ஒத்தால்தான் முடிவு எழுதுவார்கள். அப்படியே உறுதியானாலும் கூட்டு மருந்து இலவசம். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 1097-க்குப் போன் போடலாம். காசு கிடையாது.