ஹார்மோனின் அழைப்பு யாருக்கு?

கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலையில் நின்றிருக்கிறீர்களா? 2,668 அடி உயர மலையுச்சியில் கொப்பரை எரியத் தொடங்கும். அந்தச் சுடரைக் கண்ட பிறகே ஊரார் வீட்டு விளக்குகளை ஏற்றுவார்கள். மலைத்தீபம் வயலுக்கும் பாறைக்கும்கூடத் தெரிகிறது. ஆனால் எண்ணெய் வார்த்துத் திரியிட்ட அகல் எங்கே காத்திருக்கிறதோ, அங்கேதான் விளக்கு எரியும்.

நம் உடலில் ஹார்மோன்கள் வேலை செய்வதும் ஏறக்குறைய இப்படித்தான். பெண்ணின் சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் இரத்தத்தில் கலந்து தலை முதல் கால் வரை சுற்றுகிறது. ஆயினும் மாதந்தோறும் தடித்து, கலைந்து, மறுபடி வளர்வது கருப்பையின் உட்படலம் ஒன்றுதான். ஏன்?

1950-களின் பிற்பகுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் என்ற அறிஞர் இதை ஆராய்ந்தார். ஈஸ்ட்ரோஜன் மூலக்கூறில் கதிரியக்கமுள்ள டிரிட்டியத்தைச் சேர்த்து, வளராத எலிகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார். தசையிலும் இரத்தத்திலும் இருந்து அது விரைவில் நீங்கிவிட்டது; கருப்பையிலோ மணிக்கணக்கில் தங்கியது. அதைப் பிடித்து வைக்கும் பொருள் அங்கே இருக்கவேண்டும் அல்லவா? அதுவே ஏற்பி எனப்படும் புரதம். நம் உவமையில் அகல்.

ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டியதும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது. அது செல்லின் உட்கருவில் டி.என்.ஏ. இழைமீது குறிப்பிட்ட சில இடங்களில் போய் அமர்கிறது. அவ்விடங்களை அடுத்துள்ள ஜீன்கள் விழித்துக்கொள்கின்றன. புதிய புரதங்கள் உருவாகின்றன. செல்கள் பிரிந்து பெருகுகின்றன. இப்படி விழிக்கும் ஜீன்களுள் ஒன்று மிகவும் சுவையானது. புரோஜெஸ்டிரோன் என்ற மற்றொரு ஹார்மோனுக்கான ஏற்பியைச் செய்யும் ஜீன் அது. புரோஜெஸ்டிரோனின் வேலை என்ன தெரியுமா? கருமுட்டை வெளிப்பட்ட பின் சுரந்து, உட்படலத்தின் வளர்ச்சியை நிறுத்துவது! ஆக, வளரச் சொல்லும் ஈஸ்ட்ரோஜனே தன்னைத் தடுக்கப்போகும் ஹார்மோனுக்கும் இடம் தயார் செய்துவைக்கிறது.

அந்தத் தடை வராவிட்டால்? உட்படலம் தடித்துக்கொண்டே போகும். பெருகப் பெருக ஜீன்களில் பிழைகள் சேரும். சிலருக்கு அது புற்றுநோயில் முடியும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் மாத்திரையாகக் கொடுத்ததால் இந்நோய் மிகுந்ததை 1975-ல் அமெரிக்க மருத்துவர்கள் கண்டறிந்தனர். சூலகம் ஓய்ந்த பின்னும் உடற்கொழுப்பு சிறிது ஈஸ்ட்ரோஜனை ஆக்குவதால், உடல் பருமனும் ஒரு காரணமாகிறது. (நாம் அடிக்கடி கேள்விப்படும் கருப்பைவாய்ப் புற்றுநோய் வேறு, அது வைரஸால் வருவது.)

இதன் முதல் அறிகுறி, மாதவிடாய் நின்றுபோனவருக்கு மீண்டும் இரத்தம் படுவது. உங்கள் பாட்டியோ பெரியம்மாவோ இதைக் கூச்சத்தால் சொல்லாமல் மறைக்கக்கூடும். பெரும்பாலும் வேறு சாதாரணக் காரணமே இருக்கும். ஆனாலும் ஒருமுறை பட்டாலே மருத்துவரிடம் காட்டவேண்டும். தொடக்கத்திலேயே கண்டால் கருப்பையை அகற்றிப் பெரும்பாலோரைக் குணப்படுத்த முடிகிறது.

ஈஸ்ட்ரோஜனை நம்பி வளரும் இன்னொரு நோய் மார்பகப் புற்றுநோய். ஏற்பியைப் பற்றி யாருமே அறியாத 1896-லேயே, கிளாஸ்கோ மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் சூலகங்களை அகற்றி இந்நோய்க் கட்டிகளைச் சுருங்கச் செய்திருந்தார். இன்று அதற்கு டமாக்ஸிஃபென் மாத்திரை உண்டு. அது மார்பகச் செல்லின் ஏற்பியில் தான் அமர்ந்துகொண்டு ஈஸ்ட்ரோஜனுக்கு இடமில்லாமல் செய்துவிடும். விந்தை என்னவென்றால், அதே மாத்திரை கருப்பையில் ஓரளவு ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொள்கிறது! ஏற்பியுடன் கூடி உழைக்கும் துணைப் புரதங்கள் உறுப்புக்கு உறுப்பு வேறுபடுவதே காரணம். அதனால்தான் அம்மாத்திரை உண்பவரிடம், இரத்தம் பட்டால் உடனே சொல்லும்படி மருத்துவர் எச்சரிக்கிறார். மார்பக நோயாளிக்கு அதனால் கிடைக்கும் நன்மையோ இந்த அபாயத்தைவிடப் பெரிது.

இவ்வகை மருந்து ஒன்றை நம் நாட்டவரும் படைத்துள்ளனர். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தின் சென்ட்குரோமான், 1991-ல் 'சஹேலி' என்ற கருத்தடை மாத்திரையாக வந்தது. இது டமாக்ஸிஃபெனுக்கு மாறாக, கருப்பையின் உட்படலத்தில் ஈஸ்ட்ரோஜனை எதிர்த்து நிற்கிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில், மார்பகக் கட்டியிலிருந்து மெல்லிய சீவல் எடுத்துச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை மட்டுமல்ல, புரோஜெஸ்டிரோன் ஏற்பியையும் தேடுவார்கள். இரண்டாவது ஏன்? அதுதான் முதலாவது ஏற்றிவைத்த விளக்காயிற்றே! அது இருந்தால், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்மையிலேயே வேலை செய்கிறது என்று பொருள். இரண்டும் பழுப்பு நிறத்தில் தெரிந்தால் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை பலன் தர வாய்ப்பு அதிகம். இரண்டுமே இல்லையென்றால் மருத்துவர் அந்த மாத்திரையை எழுதமாட்டார். வேறு மருந்தைத் தேடுவார்.