கடைசி ஓவர் பவுலரை விட்டுக்கொடுக்கலாமா?

வாரம் ஆறு நாள் ஷூ கம்பெனியில் நின்று வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்தோடு மைதானத்துக்கு வரும் இளைஞர்களை ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் எங்கும் பார்க்கலாம். பத்து ஓவர் மேட்ச்தான். டாஸ் போடுவதற்கு முன்பே ஒவ்வொரு டீமும் ஒரு விஷயத்தை முடிவு செய்திருக்கும்: கடைசி ஓவர் யாருக்கு? பேட்டிங் வரிசை மாறலாம், கேப்டன்கூட மாறலாம். அந்த ஒரு ஆளை மட்டும் அடுத்த தெரு டீமுக்கு அனுப்ப யாருக்கும் மனம் வராது.

கோடிகளில் புரளும் அணிகள் அனுப்புகின்றன. கோப்பையை வெல்லும் நிலையில் இருக்கும் ஓர் அணி தன் கடைசி ஓவர் பவுலரை விட்டுக்கொடுப்பது சரியா? ஐ.பி.எல்.லிலும் அமெரிக்க பேஸ்பாலிலும் அண்மை ஆண்டுகளில் நடந்தவற்றை வைத்து இதற்குத் தெளிவாகவே பதில் சொல்ல முடியும்.

சின்னப்பம்பட்டியின் யார்க்கர்

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகியவர் தங்கராசு நடராஜன். 2020 ஐ.பி.எல். எலிமினேட்டர் ஆட்டத்தில் ஏ.பி.டிவில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்த அவருடைய யார்க்கரை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2021 மார்ச்சில் புனேயில் நடந்த ஒருநாள் போட்டியில் இங்கிலாந்துக்குக் கடைசி ஓவரில் 14 ரன் தேவைப்பட்டது. கடைசி வரை ஆட்டமிழக்காமல் 95 ரன் எடுத்த சாம் கரண் எதிரில் நின்றார். நடராஜன் அந்த ஓவரை வீசி முடித்தபோது இந்தியா 7 ரன் வித்தியாசத்தில் ஜெயித்திருந்தது.

2024 ஐ.பி.எல்.லில் ஹைதராபாத் அணி இறுதிப் போட்டி வரை வந்தது. அந்த அணியில் அதிக விக்கெட் எடுத்தவர் நடராஜன்தான்: 19 விக்கெட். அடுத்து வந்த மெகா ஏலத்துக்கு முன் ஹைதராபாத் கிளாசன், கம்மின்ஸ், அபிஷேக் சர்மா, டிராவிஸ் ஹெட், நிதிஷ் குமார் ரெட்டி ஆகிய ஐந்து பேரைத் தக்கவைத்தது. மொத்தப் பணமான 120 கோடியில் 75 கோடி அவர்களுக்கே போய்விட்டது. நடராஜன் ஏலத்துக்குப் போனார். டெல்லி அணி 10.75 கோடிக்கு எடுத்தது. ஹைதராபாத்தோ ஷமிக்கு 10 கோடியும் ஹர்ஷல் படேலுக்கு 8 கோடியும் கொடுத்தது.

2025இல் ஹைதராபாத் ஆறாவது இடத்தில் முடிந்தது. ஒரு பவுலர் போனதால் மட்டுமே வந்த சரிவு என்று சொல்ல மாட்டேன். ஹர்ஷல் 16 விக்கெட் எடுத்துத் தன் வேலையைச் செய்தார். பேட்டிங்கும் முந்தைய ஆண்டைப்போல வெடிக்கவில்லை. ஆனால் ஷமி 6 விக்கெட்டோடு நின்றுவிட்டார். அவர் புதுப்பந்தில் மிரட்டுகிறவர். நடராஜன் பந்து பழசான பிறகு கைகொடுக்கிறவர். இரண்டும் வேறு வேலை. டெல்லியில் நடராஜனுக்கும் நல்லது நடக்கவில்லை. அந்த சீசனின் பெரும்பாலான ஆட்டங்களில் அவர் வெளியேதான் உட்கார்ந்திருந்தார். விட்டவருக்கும் பயனில்லை, வாங்கியவருக்கும் பயனில்லை.

மில்வாக்கியின் இரண்டு முடிவுகள்

பேஸ்பாலில் இந்த வேலைக்கென்றே ஒரு தனி ஆள் உண்டு, குளோசர் என்பார்கள். ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸில், தன் அணி மூன்று ரன்னுக்குள் முன்னிலையில் இருக்கும்போது வந்து, எதிரணியின் மூன்று பேரை அவுட்டாக்கி ஆட்டத்தை முடித்துக் கொடுப்பார். அப்படிக் காப்பாற்றிக் கொடுத்த ஆட்டத்தை ‘சேவ்’ என்று அவர் கணக்கில் எழுதுவார்கள்.

2022 ஆகஸ்ட் 1. மில்வாக்கி புரூவர்ஸ் அணி தன் பிரிவில் முதலிடத்தில் இருந்தது. அடுத்த அணியைவிட மூன்று ஆட்டம் முன்னால். அந்த நிலையில், அதுவரை 29 சேவ் எடுத்திருந்த ஜோஷ் ஹேடரை சான் டியேகோவுக்குக் கொடுத்துவிட்டு நான்கு பேரை வாங்கியது. அந்த நால்வரில் டினெல்சன் லமெட் இரண்டே நாளில் அணியிலிருந்து நீக்கப்பட்டார். மில்வாக்கிக்காக அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. ஹேடரின் இடத்துக்கு டெவின் வில்லியம்ஸ் வந்தார். திறமையில் குறைந்தவர் அல்ல. 2020இன் சிறந்த புதுமுகம். ஆனால் எட்டாவது இன்னிங்ஸைத் தாங்கிக்கொண்டிருந்தவர் ஒன்பதாவதுக்குப் போனதும், எட்டாவது காலியானது. சீசன் முடிவில் மில்வாக்கிக்கு 86 வெற்றி. பிளேஆஃபின் கடைசி இடத்தைப் பிடித்த பிலடெல்பியாவுக்கு 87. ஒரே ஓர் ஆட்டம்!

அந்தப் பேரத்துக்கு நல்ல பக்கமும் உண்டு. வாங்கிய நால்வரில் ஒருவரான எஸ்டியூரி ரூயிஸை வைத்துத்தான் அதே டிசம்பரில் வில்லியம் கான்ட்ரெராஸ் என்ற அருமையான கேட்சரைப் பிடித்தார்கள். 2023, 2024, 2025 என மூன்று ஆண்டும் தங்கள் பிரிவில் அவர்கள்தான் முதலிடம். நீண்ட கணக்கில் லாபம். ஆனால் 2022 சீசனைத் தோற்று வாங்கிய லாபம் அது.

அடுத்த முறை அதே அணி நிதானமாக நடந்துகொண்டது. 2024 டிசம்பரில், சீசன் முடிந்த பிறகு, அதே டெவின் வில்லியம்ஸை நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்தது. இம்முறை மாற்று ஆள் ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்டவர். வில்லியம்ஸ் காயத்தால் 2024இன் முதல் பாதியை இழந்தபோது டிரெவர் மெகில் அந்த வேலையைச் செய்து 21 சேவ் எடுத்திருந்தார். 2025இல் அவர் 30 சேவ் எடுத்தார். வில்லியம்ஸுக்குப் பதிலாக வந்தவர்களில் ஒருவரான கேலப் டர்பின் நிரந்தர ஆட்டக்காரர் ஆனார். மில்வாக்கி 97 ஆட்டம் ஜெயித்தது. அந்த ஆண்டு முழு லீக்கிலும் அதுவே அதிகம்.

ஒரே அணி, ஒரே வகை முடிவு. சீசன் நடுவில் செய்தபோது அடி விழுந்தது. சீசன் முடிந்து, மாற்று ஆளைக் கையில் வைத்துக்கொண்டு செய்தபோது பலன் வந்தது.

சென்னை விட்ட பதிரனா

இந்த அளவுகோலோடு நம் சேப்பாக்கத்துக்கு வருவோம். கண்டியில் பிறந்த மதீஷ பதிரனா 2023இல் சென்னைக்காக 12 ஆட்டத்தில் 19 விக்கெட் எடுத்தார், கோப்பையும் வந்தது. 2024இல் காயத்துக்கு நடுவே ஆறே ஆட்டத்தில் 13 விக்கெட். அதனால்தான் 13 கோடி கொடுத்துத் தக்கவைத்தார்கள். 2025இல் 12 ஆட்டத்தில் 13 விக்கெட்தான். ஓவருக்குப் பத்து ரன்னுக்கு மேல் போனது. அணியும் வரலாற்றில் முதல் முறையாகக் கடைசி இடத்துக்குப் போனது. நவம்பரில் பதிரனாவை விடுவித்தார்கள். டிசம்பர் 16 அன்று அபுதாபி ஏலத்தில் கொல்கத்தா அவரை 18 கோடிக்கு வாங்கியது. அன்று அவருக்கு 23 வயது நிறைய இன்னும் இரண்டு நாள் இருந்தது.

காலம் தவறில்லை. சீசன் முடிந்துவிட்டது, கோப்பை எதுவும் கைநழுவும் நிலையில் இல்லை. கடைசி ஓவர் அனுபவமுள்ள நேதன் எல்லிஸ் அணியில் தக்கவைக்கப்பட்டார். ஆனால் பதிலுக்கு என்ன வந்தது? ஜடேஜாவையும் சாம் கரணையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்தபோது சஞ்சு சாம்சன் வந்தார். பதிரனாவுக்கு ஈடாக ஏலப் பணத்தில் 13 கோடி திரும்பியது, அவ்வளவே. அவரை 18 கோடிக்கு வாங்கத் தயாராக ஓர் அணி இருந்தது என்பதை ஏலமே காட்டிவிட்டது. அப்படிப்பட்டவரை ஆளுக்கு ஆள் மாற்றாமல் சும்மா அனுப்பியது சென்னையின் தவறு என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2022 டிசம்பரில் ஐ.பி.எல்.லிலிருந்து ஓய்வு பெற்ற டுவைன் பிராவோ உடனே சென்னையின் பவுலிங் கோச் ஆனார். 2013இல் 32 விக்கெட், 2015இல் 26 விக்கெட் எடுத்துப் பர்ப்பிள் கேப் வாங்கியவர். தன் இடத்துக்கு வந்த பதிரனாவைத் தானே பக்கத்தில் நின்று வளர்த்தார். 2024 செப்டம்பரில் பிராவோ கொல்கத்தாவுக்கு ஆலோசகராகப் போனார். அதற்கு அடுத்த சீசனில் பதிரனா தடுமாறினார். பதினைந்து மாதத்தில் அவரும் பிராவோ இருக்கும் இடத்துக்கே போய்ச் சேர்ந்தார். ஆசிரியரை முதலில் இழந்தோம், மாணவனை அடுத்து இழந்தோம்.

விடுவதற்கு முன் மூன்று கேள்விகள்

கடைசி ஓவர் பவுலருக்கு எதிரான வாதமும் பலமானதே. ஓர் ஆட்டத்தின் 20 ஓவரில் அவர் வீசுவது நாலு. நாலு ஓவருக்கு இத்தனை கோடியா? ஆம்பூர்க்காரர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். ஷூ தயாரிப்பில் கட்டிங்கில் பிசகினால் வேறு தோல் எடுக்கலாம், தையல் கோணினால் பிரித்துத் தைக்கலாம். சோல் ஒட்டிய பிறகு பிசகினால் அதுவரை அத்தனை பேர் செய்த வேலையும் வீண். 2023 இறுதிப் போட்டியில் மோகித் சர்மா கடைசி ஓவரின் முதல் நாலு பந்தில் மூன்றே ரன் கொடுத்தார். அடுத்த இரண்டு பந்தில் ஜடேஜா பத்து ரன் எடுத்தார். குஜராத் கோப்பையை இழந்தது. திருத்த நேரமில்லாத இடத்தில் செய்கிற வேலைக்கு விலை கூடத்தான் செய்யும்.

ஆகவே கோப்பைக்குப் போட்டியிடும் அணி மூன்று கேள்வி கேட்க வேண்டும். சீசன் முடிந்துவிட்டதா? அவர் இடத்துக்கு வருபவர் நெருக்கடியான ஆட்டங்களில் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்து காட்டியிருக்கிறாரா? பதிலுக்கு வருவது அணியின் பெரிய ஓட்டையை அடைக்குமா? மூன்றுக்கும் ஆம் என்றால் தயங்காமல் விடலாம். அதில் துரோகம் ஒன்றும் இல்லை. ஒன்றுக்கு இல்லை என்று வந்தாலும் விடக் கூடாது. ஒரே ஒரு மோசமான சீசனை மட்டும் காரணமாகச் சொல்லி 22 வயதுக்காரரை விடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

நடராஜன் தன் ஊரிலேயே 2023இல் ஒரு கிரிக்கெட் மைதானம் திறந்தார். டென்னிஸ் பந்து பவுலர்கள் பாலாற்றங்கரையிலும் ஏராளம். அவர்களில் நல்ல யார்க்கர் போடுகிறவனுக்கு முறையான மைதானமும் தேறிய கோச்சும் கிடைக்க வேண்டும். அடுத்த கடைசி ஓவர் பவுலரை உருவாக்கிக்கொண்டே இருக்கிற அணிக்குத்தான் இன்றைய பவுலரை விற்கும் தைரியம் இருக்கலாம். மற்ற அணிகள் கையில் இருப்பவரைக் காப்பாற்றிக்கொள்வதே நல்லது.