அலுவலக உபயோகத்திற்கு மட்டும்

அரசாங்கக் காரியாலயங்களில் வழங்கும் மனுப் படிவங்களின் அடியில் ஒரு கட்டம் இருப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ‘அலுவலக உபயோகத்திற்கு மட்டும்’ என்று அதன் தலைப்பில் அச்சிட்டிருக்கும். மனு வந்து சேர்ந்த தேதி, வரிசை எண், சான்றிதழ்களைச் சரிபார்த்தவரின் கையொப்பம் முதலியன அதில் இடம் பெறும். மனுதாரர் அதில் எழுதலாகாது. ஆயினும் அப்படியொரு கட்டம் உண்டு என்பதை அவர் அறிவார்.

இன்று கல்லூரியில் இடம் வேண்டுவோரும், உதவித்தொகை கேட்போரும், வேலைக்கு மனுச் செய்வோரும் பெரும்பாலும் இணையத்தின் வாயிலாகவே மனுக்களை அனுப்புகின்றனர். திரையில் தோன்றும் படிவத்துக்கும் அந்தப் பழைய கட்டம் உண்டு. ஆனால் மனுதாரரின் கண்ணுக்குப் புலப்படாது. இதனால் விளையும் நன்மை சிறிதன்று. மனுதாரர் தந்த விவரமும் அலுவலர் எழுதும் குறிப்பும் ஒரே பதிவில் சேர்ந்திருப்பதால், தனிப் பேரேடு வேண்டுவதில்லை. பெயர்த்தெழுதும்போது நேரும் பிழைகளும் குறைகின்றன.

எனினும், மறைப்பதில் இரு வகை உண்டு என்பதை நாம் தெளிந்துகொள்ள வேண்டும். இணையப் பக்கங்களை அமைக்கும் எச்.டி.எம்.எல். என்னும் மொழியில், 1995-ஆம் ஆண்டின் வரையறையிலேயே ‘மறைவான புலம்’ என்ற ஓர் உறுப்பு இடம் பெற்றது. அது திரையில் தோன்றாதே தவிர, பக்கத்தோடு சேர்ந்து மனுதாரரின் கணிப்பொறிக்கே வந்துவிடுகிறது. பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்ப்பவர் எவரும் அதைப் படிக்கலாம். மாற்றியும் திருப்பி அனுப்பலாம். இணைய வாணிபத்தின் தொடக்க நாட்களில் சில கடைகள் பொருளின் விலையை இத்தகைய புலத்தில் வைத்தன. அதைக் குறைத்து எழுதி அனுப்பினால் குறைந்த விலைக்கே பொருளைப் பெற முடிந்தது. ஆகவே கட்டணம், மதிப்பெண், அலுவலரின் முடிவு ஆகியவற்றை அங்கே வைப்பது தகாது.

இரண்டாவது வகையே அலுவலகத்துக்கு ஏற்றது. அதில் அந்தப் புலம் காரியாலயத்தின் சர்வரிலேயே தங்கிவிடும். மனுதாரருக்குச் செல்லும் பக்கத்தில் அதன் சுவடே இராது. உரிய அதிகாரம் பெற்ற அலுவலர் தம் அடையாளத்தைத் தந்து உள்ளே நுழைந்த பின்னரே அது திறக்கும். யார், எந்த நேரத்தில், எதை எழுதினார் என்பதும் தானே பதிவாகும்படி அமைத்தல் நலம்.

இனி, அந்தக் கட்டத்தில் எழுதத் தக்கது எது? திரையில் மறைந்தது சட்டத்தின் முன்னும் மறைந்தது என்று கருதலாகாது. 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம், அலுவலரின் கருத்துகளையும் ஆலோசனைகளையும் தகவல் என்ற சொல்லிலேயே அடக்குகிறது. கணிப்பொறியில் உள்ள பதிவுகளுக்கும் அது பொருந்தும். ஒரு முடிவினால் பாதிக்கப்படுவோருக்கு அதன் காரணத்தைக் கூற வேண்டும் என்றும் அச்சட்டம் பொது நிறுவனங்களைப் பணிக்கிறது. திருத்திய விடைத்தாளைத் தேர்வெழுதியவர் பார்வையிடலாம் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருத்தியவர் யார் என்பதை மட்டும் மறைத்து வைக்க இடமளித்தது. அலுவலரின் பாதுகாப்பும் மனுதாரரின் உரிமையும் ஒருங்கே நிற்க இயலும் என்பது இதனால் விளங்கும்.

உதவித்தொகை கோரும் ஓர் ஏழை மாணவியின் பதிவில் ‘நம்பத் தக்கதன்று’ என்று ஒருவர் எழுதிவிட்டால், அவள் அதற்கு மறுமொழி சொல்ல வழியில்லை; அப்படியொரு சொல் இருப்பதே அவளுக்குத் தெரியாது. ‘வருமானச் சான்றிதழின் காலம் முடிந்துவிட்டது’ என்று எழுதி, அதை அவளுக்கும் அறிவித்தால், புதிய சான்றிதழைப் பெற்று அனுப்புவாள், படிப்பும் தடைப்படாது.

எனவே, மனுதாரரின் முன்னிலையில் வாய்விட்டுப் படிக்கத் தக்கதையே அக்கட்டத்தில் எழுத வேண்டும். அலுவலகக் குறிப்புக்கென ஒரு பகுதி உண்டு என்பதையும் படிவத்திலேயே தெரிவித்துவிடுவது முறையாகும்.