கணக்கைப் பூட்டி அனுப்புவோம்

கொள்முதல் விலை, பாக்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. விவரம் எல்லாம் இன்று கம்ப்யூட்டர் ஃபைல்களாகவே ஆடிட்டருக்கும் கிளைக்கும் போகின்றன. கல்லாவைப் பூட்டும் நாம் இவற்றையும் பூட்டி அனுப்ப வேண்டாமா?

ஃபைல் அனுப்பும் எஃப்.டி.பி. முறையை 1971-இல் வகுத்தவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அபய் பூஷண். அதில் பாஸ்வேர்டும் கணக்கும் திறந்தபடியே செல்லும். இடையில் இருப்பவர் படித்துவிடலாம். பின்லாந்தில் 1995-இல் உருவான எஸ்.எஸ்.எச். முறை இக்குறையைத் தீர்த்தது. அதன்மேல் அமைந்ததே எஸ்.எஃப்.டி.பி.

இன்டர்நெட் சேவை நிறுவனத்திடம் சர்வரில் இடம் வாங்கும்போது எஸ்.எஃப்.டி.பி.யையே கேட்போம், அது வழக்கமாக 22-ஆம் எண் போர்ட்டில் இயங்கும். ஆளுக்கொரு பாஸ்வேர்டு வேண்டும். சர்வரின் அடையாளக் குறியீட்டைப் போனில் கேட்டு வைத்து, முதல் தடவை திரையில் தோன்றுவதோடு ஒப்பிட்ட பின்பே 'சரி' கொடுக்க வேண்டும். வேலையை விட்டவரின் அனுமதியை அன்றே நிறுத்துவோம். நம் விலை எதிர்க்கடைக்குத் தெரிந்தபின் பூட்டு வாங்கிப் பயனில்லை.