கடப்பாரை எடுக்கும் முன்

சோமனூர் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தறி ஓட்டும் தம்பி ஒருவர் கேட்டார்: "ஏனுங்ணா, பழைய கட்டடத்தைப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துட்டா கவர்மெண்ட் எடுத்துக்குமுங்களா?"

பலருக்கும் இந்தப் பயம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இந்தப் பட்டியல் முறை நடக்கிறது. அங்கே பட்டியலில் சேர்ந்த கட்டடம் உரிமையாளர் கையிலேயே இருக்கும், வியாபாரமும் அவருடையதே. இடிக்கவோ அதன் தன்மையை மாற்றவோ நினைத்தால் மட்டும் முதலில் அனுமதி வாங்க வேண்டும்.

லிவர்பூலில் ஃபில்ஹார்மோனிக் டைனிங் ரூம்ஸ் என்று ஒரு மதுக்கூடம். 1900 வாக்கில் கட்டி முடித்தது. வண்ணக் கண்ணாடி, செம்புத் தகட்டுச் சிற்பம் என்று இழைத்திருக்கிறார்கள். ஆண்கள் கழிப்பறையில்கூட ரோஜா நிறப் பளிங்கு. 2020இல் அதைப் பட்டியலின் மிக உயர்ந்த நிலைக்கு ஏற்றினார்கள். அதற்குப் பிறகும் அது மதுக்கூடமாகவேதான் நடக்கிறது. புழக்கம்தான் கட்டடத்துக்கு உயிர்.

நம் கோயமுத்தூர்க் கதை வேறு. திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கினார். ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டினார். தென்னிந்தியாவின் ஆரம்பகால நிரந்தரத் திரையரங்குகளில் அதுவும் ஒன்று. பின்னாளில் அதற்கு டிலைட் என்று பெயர் வந்தது.

"எங்க அப்பாரு அங்க படம் பார்த்திருக்காருங்" என்றார் தம்பி.

அந்த அரங்கை இடித்துவிட்டார்கள். வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர் மட்டும் தெருவில் நிற்கிறது. தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இலேயே நிறைவேறியது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது. எந்தக் கட்டடத்தைக் காக்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் எடுத்துச் சொல்லவும் வேண்டும்.

உங்கள் ஊரில் நூறாண்டு கண்ட சத்திரமோ பள்ளிக்கூடமோ மில்லோ இருந்தால், யார் கட்டியது, எந்த ஆண்டு என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். கடப்பாரை வரும் நாளில் அந்தத் தாள்தான் பேசும்.